நெருப்பெரிச்சலில் மழைக்குக் காத்திருந்தவர்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கிண்டிக் கிளறி என் மானத்தை வாங்குவதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

போன மாதம் சோலார் பேனல் விற்க ஒருவர் வீட்டுக்கு வந்தார். கழுத்து வரை பட்டன் போட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்திருந்தார். மாடியில் எங்களுக்குத் தகரக் கொட்டகை. தகரத்தில் ஓட்டை போட்டால் ஒழுகாதா என்று கேட்டேன். "ரப்பர் வாஷர் இருக்கு சார், மேல சீலண்ட் பசை வேற. ஒரு சொட்டு எறங்காது" என்றார். அப்புறம் மானியம், உத்தரவாதம் என்று என்னென்னவோ சொன்னார். எதுவும் என் காதில் ஏறவில்லை. ஒரு சொட்டு என்ற இடத்திலேயே நான் 2008-ஆம் வருடத்துத் திருப்பூர் நெருப்பெரிச்சலுக்குப் போய்விட்டேன். அந்த மனிதருக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தது என் மனைவிதான்.

2

ஆரம்பம் எழுதிப் பார்த்தேன்.

"நெருப்பெரிச்சலின் வானம் அன்று கறுத்துத் திரண்டு—" வேண்டாம். வானத்தில் ஆரம்பிக்கும் கதைகளை நானே பக்கம் தள்ளிவிட்டுத்தான் படிக்கிறேன்.

"விஜயராணிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. மாநிறம். குடும்பப் பொறுப்பு—" பெண் பார்க்க வந்த வீட்டில் தரகர் பேசுவதுபோல் இருக்கிறது.

"முதல் சொட்டு, அடுக்கி வைத்திருந்த வெள்ளைப் பேபி செட்டுகளின் மேல் விழுந்தது."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தச் சொட்டு விழுவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

செல்வக்குமாரின் பனியன் கம்பெனி நெருப்பெரிச்சல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சோளக்காடாக இருந்த இடத்தில் இருந்தது. நீளமான ஷெட், மேலே தகரம். முன்னால் தையல், நடுவில் செக்கிங், கடைசியில் அயர்னும் பேக்கிங்கும். நான் ஆபீஸ் அறையில் அட்டைப்பெட்டிக்கு ஸ்டிக்கர் அடித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கதையில் என் பங்கு அவ்வளவுதான். அடிக்கடி குறுக்கே வந்தால் அதட்டி உட்கார வையுங்கள்.

செக்கிங் மேஜை விஜயராணியின் பொறுப்பு. மானாமதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டு, தனக்கென்று திரும்பிப் பார்க்கும்போது வயது ஓடியிருந்தது. தைத்து வரும் துணியை விரித்து, திருப்பி, தூக்கிப் பார்த்து, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் அவள் கண்தான் பிடிக்க வேண்டும். கம்பெனியில் எல்லோருக்கும் அவள் அக்கா. எனக்கும்தான்.

[அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள். இங்கே 'அவள்' என்று எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். நீங்கள் ரொம்பத் தூரத்தில் போய் நின்றுகொண்டீர்கள்.]

அந்த வருடம் ஊருக்கே ஒரே பேச்சு, கரண்ட் எப்போது போகும், எப்போது வரும். தையல் மெஷினுக்கு ஜெனரேட்டர் ஓட்டுவார்கள். ஆனால் அந்தக் கரண்டில் டியூப்லைட் மினுக்மினுக்கென்று அடிக்கும். அந்த வெளிச்சத்தில் வெள்ளைத் துணியைப் பார்த்தால் நல்ல கண்ணும் ஏமாந்துபோகும். விஜயராணிக்குச் சாயந்திரமானால் தலைவலி மண்டையைப் பிளந்தது. செல்வக்குமார் ஏதோ கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து, கூரைமேல் சோலார் வைத்து பேட்டரியில் செக்கிங் லைட்டை மட்டும் எரிய விடலாம் என்றார். அதைக் கேட்டு முதலில் சந்தோஷப்பட்டது அவள்தான்.

பேனலைக் கொண்டுவந்த கோயம்புத்தூர் ஆட்கள் வயரிங் மட்டும்தான் செய்வார்களாம். தகரத்தின்மேல் இரும்புச் சட்டம் நிறுத்துவது கம்பெனியின் பாடு. யாரைக் கூப்பிடலாம் என்று செல்வக்குமார் கேட்டபோது, விஜயராணி சட்டென்று ஜெயபாண்டியைச் சொன்னாள். திருமங்கலத்துக்காரன். எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்ட் அடித்துக் கொடுத்த வெல்டர். அவ்வளவு சட்டென்று சொல்லியிருக்க வேண்டாம் என்று தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டும் மருதாள் நினைத்தாளாம். நினைத்ததோடு நிற்காமல், "வெல்டர் பேரு நாக்கு நுனியிலயே இருக்குது கண்ணு" என்றும் சொன்னாள். மருதாளுக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று கிடையாது.

4

இப்போது ஜெயபாண்டி. இவனை எழுதுவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது.

"ஜெயபாண்டியின் கண்களில்—" கண்களில் என்ன? வெல்டிங் அடித்து அடித்து எப்போதும் சிவந்திருக்கும். காதல் கதைக்கு லாயக்கில்லாத கண்கள்.

அவன் அதிகம் பேச மாட்டான். வேலை முடிந்ததும் தான் அடித்த பற்றவைப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவான். விஜயராணியை அவன் எப்படிக் கூப்பிட்டான் என்று ரொம்ப நேரம் யோசித்தேன். அக்கா என்று அவன் ஒருநாளும் கூப்பிடவில்லை. பேர் சொல்லியும் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்பான். அதைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வான். கம்பெனி மொத்தமும் அக்கா போடுகிற ஒருத்தியை ஒருவன் அக்கா போடாமல் சமாளிப்பது லேசான காரியமில்லை. கவனித்தவர்களுக்கு அது போதும். மருதாள் கவனித்தாள்.

விஜயராணிக்கு அவனைப் பிடித்திருந்தது. இதை மூடி மறைத்து நயமாக எழுத எனக்கு வராது. அவன் வருகிற நாளில் அவள் கண் மேஜையில் நிற்கவில்லை. எந்த வேலை செய்தாலும் கூரையேறும் ஏணி கண்ணில் பட்டது. இந்த ஊரில் அவன் காலூன்றிவிட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். சோலார் வேலை நன்றாக அமைந்தால், செல்வக்குமாருடைய பங்காளிகளின் கம்பெனிகளுக்கும் அவனையே கூப்பிடுவார்கள். அமையாவிட்டால், இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போய் அங்கேயே அண்ணனோடு பட்டறை போட்டுவிடுவேன் என்று அவன் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான். பேச்சுவாக்கில் சொன்னதுதான் அவளுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

5

சட்டம் நிறுத்த வேண்டுமானால் தகரத்தில் ஓட்டை போட்டு, போல்ட்டைக் கீழே உள்ள இரும்புக் குறுக்குச் சட்டத்தில் பிடிக்க வேண்டும். ஜெயபாண்டி தகரத்தின் மேட்டில்தான் ஓட்டை போட்டான். தண்ணீர் ஓடும் பள்ளத்தைத் தொடவில்லை. அதுவரைக்கும் சரி. ஆனால் கடையில் கிடைத்த வாஷர் மொத்தையாக இருந்தது, மேட்டின் வளைவோடு படியவில்லை. போல்ட்டைச் சுற்றி இடைவெளி. தார் ஊற்றலாம், தார் உள்ளே ஒழுகாமல் நிற்க அடியில் எதையாவது அடைக்க வேண்டும். ஏணியின் பாதியில் நின்றுகொண்டு, எதைக் கொண்டு அடைப்பது என்று கேட்டான்.

விஜயராணி யோசிக்கவேயில்லை. மேஜைக்கடியில் இருந்த கட்டிங் வேஸ்ட் பையை அப்படியே தூக்கிக் கொடுத்தாள்.

[திருப்பூரை அறியாதவர்களுக்கு: துணி வெட்டும்போது மிஞ்சும் துண்டும் துணுக்கும்தான் வேஸ்ட். அந்த ஊரில் அதற்குப் பேர்தான் வேஸ்ட். மெஷின் துடைக்க வேஸ்ட், தலையணைக்குள் வேஸ்ட், கதவிடுக்கில் காற்று வந்தால் வேஸ்ட், குழாய் ஒழுகினால் சுற்றிக்கட்ட வேஸ்ட். எங்கள் வாடகை வீட்டில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. இரண்டு குளிர்காலத்தை இளநீல வேஸ்ட்டோடு ஓட்டினோம். இப்போது நினைத்தாலும் அந்த நூல் வாசம் மூக்கில் வருகிறது.]

நல்ல பஞ்சு நூல் பனியன் துணி. அவன் அதைப் பிடிப்பிடியாகத் திணித்து, இறுக்கி, மேலே தாரைக் காய்ச்சி ஊற்றினான். கீழே நின்று செல்வக்குமாரும் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. லைட் எரிந்த அன்றைக்கு விஜயராணி ஒரு வெள்ளைச் சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, பால்போல் இருக்கிறது என்று சொன்னாள். ஜெயபாண்டி சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான்.

புரட்டாசி வெயிலில் தார் வெடித்தது. பிறகு ஒரு மத்தியானம் மழை.

முதல் சொட்டு, அடுக்கி வைத்திருந்த வெள்ளைப் பேபி செட்டுகளின் மேல் விழுந்தது. துருத் தண்ணீர். சொட்டு விழுந்த இடத்தில் மஞ்சளாய் ஒரு வட்டம். அடுத்தடுத்துக் கீழே உள்ளவற்றிலும் அதே வட்டம் இறங்கியிருந்தது. குழந்தைத் துணி ஷிப்மென்ட் கிளம்ப வேண்டிய வாரம் அது. செல்வக்குமார் கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து, பார்த்து, ஓரமாக வைத்தார். அதற்குக் கத்தியிருக்கலாம்.

ஜெயபாண்டி சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே ஏறித் தார் பூசினான். அடுத்த மழையிலும் ஒழுகியது. மறுபடி பூசினான். மறுபடி ஒழுகியது. கடைசியில் செல்வக்குமார், திங்கட்கிழமை பேனலைக் கழற்றிவிடலாம், தகரத்தையும் மாற்றிவிடலாம், வெல்டரே, நீங்க வேற வேலையப் பாத்துக்கங்க என்று சொல்லிவிட்டார். ஜெயபாண்டி சாமானை அள்ளிப் பையில் போட்டான்.

6

(இந்த இடத்தில் விஜயராணி தனியாக அழுகிற ஒரு பகுதி இருந்தது. எடுத்துவிட்டேன். அவள் அழுது நான் பார்த்ததில்லை. கண்ணால் பார்க்காததைச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் அது நன்றாகவும் இல்லை.)

7

ஒழுகுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை காலையில் மருதாள் வாளியைத் திட்டிக்கொண்டிருந்தாள். வாளி பாதிகூட நிறையவில்லை, ஆனால் தரையெல்லாம் ஈரம். வாளி ஓட்டை என்று முடிவுகட்டி, அதைத் தூக்கி எறியப் போனாள்.

விஜயராணி வாங்கிப் பார்த்தாள். வாளியில் ஓட்டை இல்லை. விளிம்பில் ஒரு துண்டு வேஸ்ட் தொங்கிக்கொண்டிருந்தது; ஒரு முனை உள்ளே தண்ணீரில், மறு முனை வெளியே, உள்ளிருந்த தண்ணீரைவிடத் தாழ்வாக. வெளியே இருந்த முனையிலிருந்து சொட்டு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. துணி தண்ணீரை உறிஞ்சி, விளிம்பேறி, இந்தப் பக்கம் இறக்கிவிடுகிறது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேலே பார்த்தாள். சொட்டு விழுகிற இடத்தை விட்டுவிட்டு, குறுக்குச் சட்டத்தின் ஓரமாகவே கண்ணை ஓட்டினாள். சட்டத்தில் ஈரத்தின் கோடு தெரிந்தது. அது தள்ளிப் போய், தள்ளிப் போய், பேனல் போல்ட்டில் முடிந்தது. போல்ட்டைச் சுற்றி அவள் கொடுத்த துணி.

அவள் கொடுத்ததுதான் அத்தனை மழையையும் குடித்துக் குடித்து உள்ளே இறக்கியிருக்கிறது.

இதை எழுதும்போது எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. யாரை இந்த ஊரில் நிறுத்திவைக்க நினைத்தாளோ, அவனை அனுப்பிவைக்கிற வேலையை அவள் கையே செய்திருக்கிறது. அதுவும் ஆசையாய்.

8

இனி அவள் என்ன செய்ய வேண்டும்? இதை மூன்று தரம் எழுதினேன்.

முதல் தரம், ஜெயபாண்டியிடம் ரகசியமாகச் சொன்னாள். அவன் யாருக்கும் தெரியாமல் சரிசெய்தான். சுலபம்தான். ஆனால் அவனைத்தான் உள்ளே விட மாட்டார்களே? அடித்துவிட்டேன்.

இரண்டாம் தரம், அவள் வாயைத் திறக்கவேயில்லை. அவன் போனான். இவள் மேஜையில் குனிந்துகொண்டாள். இது நடக்கக்கூடியதுதான். கெட்டுப்போன சரக்குக்கு நான்தான் காரணம் என்று எந்த முதலாளியிடம் யார் போய்ச் சொல்வார்கள்? வருடக்கணக்காகச் சம்பாதித்த மேஜை அது. ஒரே நாளில் பறித்துக்கொண்டு பிசிறு வெட்ட உட்கார வைத்துவிடலாம். இதை எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். சோறு இறங்கவில்லை.

மூன்றாம் தரம், அவள் அந்த வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு செல்வக்குமார் அறைக்குப் போனாள். (இது எனக்குத் தெரியும். ஸ்டிக்கர் அடிக்கும் மேஜை அந்த அறைக்குள்தான் இருந்தது.) அவர் மேஜைமேல் வாளியை வைத்தாள். துணித் துண்டைக் காட்டினாள்.

"வெல்டர் மேல தப்பில்ல சார். போல்ட்டச் சுத்தி அடைக்க வேஸ்ட்டக் குடுத்தது நான். அதுதான் தண்ணிய உள்ள இழுக்குது. திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

செல்வக்குமார் வாளியைப் பார்த்தார். முனையில் ஒரு சொட்டு திரண்டு, அவருடைய கணக்குத் தாள்மேல் விழுந்தது. அவர் தாளை நகர்த்தக்கூட இல்லை.

"அடைக்கறப்ப நானும் கீழ நின்னு பாத்துட்டுத்தான இருந்தேன் அம்மிணி. பொறந்ததுல இருந்து பனியன் துணியோடவே கெடக்கறேன், எனக்கே தோணுலயே" என்றார்.

பிறகு முதலாளியாகிவிட்டார். ஒரு தரம் சரிசெய்யட்டும். அடுத்த மழைக்கு ஒரு சொட்டு விழுந்தாலும் பேனல் இறங்கிவிடும், வெல்டர் இந்தக் கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, மேஜையையும் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு நீ தையலுக்குப் போய்விட வேண்டும் என்றார். அவள் சரிங்க சார் என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு மேஜைக்குத் திரும்பினாள்.

9

ஜெயபாண்டி வந்தான். விஷயத்தை அவனிடம் மருதாள்தான் சொன்னாள். மேஜையைப் பணயம் வைத்ததையும் சேர்த்தே சொன்னாள். அவன் நேராகக் கூரையேறினான். துணி முழுவதையும் பிடுங்கினான். கோயம்புத்தூருக்குப் போய் வளைவுக்குப் படிகிற ரப்பர் வாஷர் வாங்கிவந்தான். அடியில் ரப்பர், மேலே தகட்டு வாஷர், அதற்குமேல் சீலண்ட். ஒவ்வொரு போல்ட்டையும் ரப்பர் பிதுங்குகிற பதத்தில் முறுக்கினான், அதற்குமேல் ஒரு சுற்றுக்கூட முறுக்கவில்லை. இனி மழை வர வேண்டியதுதான்.

வரவில்லை.

ஓஸ் பைப்பில் தண்ணீர் அடித்துப் பார்க்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். புதிய சரக்கு கீழே அடுக்கியிருக்கிறது, வேண்டாம் என்று செல்வக்குமார் மறுத்துவிட்டார். இன்றைக்கு யோசித்தால், அவர் மறுத்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று.

ஏனென்றால் அடுத்து வந்ததுதான் நான் இந்தக் கதையை எழுதக் காரணமான நாட்கள். ஜெயபாண்டி தினமும் சாயந்திரம் வந்தான். அவனுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. கூரையேறி போல்ட்டைத் தொட்டுப் பார்ப்பான், வானத்தைப் பார்ப்பான், இறங்குவான். அதற்குள் டீ வந்துவிடும். டீக்காரருக்கு யாரும் சொல்லாமலே ஒரு கிளாஸ் கூடுதலாக வந்தது. தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் குடிப்பார்கள். பொங்கலூரில் நல்ல மழையாம் என்பாள் அவள். மங்கலத்திலும் பெய்ததாம் என்பான் அவன். நெருப்பெரிச்சலை மட்டும் மேகம் சுற்றிக்கொண்டு போயிற்று. மழையைப் பற்றி இவ்வளவு பேச முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நூல் தூசு மிதக்கும் அந்த வெயிலும், ஜெனரேட்டர் நின்றதும் திடீரென்று கேட்கும் மனிதக் குரல்களும், பக்கத்துக் கம்பெனி ரேடியோவும்! அந்தச் சாயந்திரங்களுக்காக ஏங்குகிறேன். என் காதல்கூட இல்லை அது. அடுத்தவர் சந்தோஷத்தின் ஓரத்தில் நின்றதற்கே இப்படி.

10

முடிவுகள். இரண்டு இருக்கின்றன.

முதலாவது: மழை கொட்டுகிறது. எல்லோரும் அண்ணாந்து நிற்கிறார்கள். ஒரு சொட்டு விழவில்லை. செல்வக்குமார் பங்காளிகளுக்கு போன் போடுகிறார். ஜெயபாண்டிக்குக் கைகொள்ளாத வேலை. அடுத்த தையில் கல்யாணம், மருதாள் பந்தியில் முதல் வரிசை.

இரண்டாவது: மழை கொட்டுகிறது. ஒரே ஒரு சொட்டு. பேனல் இறங்குகிறது. அவன் ஊருக்குப் பஸ் ஏறுகிறான். அவள் தையல் மெஷினில்—

இதையும் முடிக்கவில்லை. இரண்டிலும் எனக்கு ஒரே கோபம்தான். இரண்டு மனிதர்கள் சேர்வதா பிரிவதா என்று ஒரு தகரத்தைக் கேட்டுச் சொல்வதா? இதற்கா இவ்வளவு எழுதினேன்?

நடந்தது எது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. தீபாவளிக்கு ஊருக்குப் போன நான் திரும்பவில்லை. சென்னையில் வேறு வேலை கிடைத்துவிட்டது. நான் கிளம்பிய நாள் வரைக்கும் மழை இல்லை. அன்று சாயந்திரம் மட்டும் வடக்கே இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் ஈரம். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அக்காவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று டிரம் பக்கம் போனேன். இருவரும் என்னைப் பார்க்கவில்லை. அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயம்.

"இன்னிக்கு வந்துரும் போல. ஒழுகிருச்சுன்னா மொதலாளி உங்கள உள்ள விட மாட்டாரு."

ஜெயபாண்டி டீயைக் குடித்து முடித்தான். கிளாஸைக் கழுவி டிரம் மேல் கவிழ்த்தான். இந்தத் தடவை அவன் தகரத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான்.

"கம்பெனிக்குள்ளதான விட மாட்டாரு?" என்றான்.

நான் சொல்லிக்கொள்ளாமலே திரும்பி நடந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியெல்லாம் மண்வாசம் வந்துகொண்டிருந்தது. அந்த மழையை எழுத எனக்கு இஷ்டமில்லை. உங்களுக்கு வேண்டுமானால் நீங்கள் பெய்ய வைத்துக்கொள்ளுங்கள். ஒழுகினாலும் சரி, ஒழுகாவிட்டாலும் சரி.